இருட்டுச் சுவிட்ச்

பட்டறையில் அவளுக்கு ஷாக்கக்கா என்று பெயர். வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறவள் என்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இரண்டு நாள் பக்கத்தில் நின்று வேலை பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மூக்குக்கு மேல் கோபம். முதலாளி, வாடிக்கையாளர், வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவன் என்று பாரபட்சமே கிடையாது. அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது, அதனால் யாரும் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை. மீதிப் பாதி என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. அப்பா வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அம்மா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அப்போது இவள் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். தம்பிக்குப் பால்பல்கூட முழுக்க விழவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் பையனை எங்கே விடுவாய் என்று கேட்டார்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் விடலாம் என்று இருக்கிறேன் என்றாள் இவள். அதோடு பெண் பார்க்க வருகிற பேச்சு நின்றது.

தம்பியை அவள்தான் வளர்த்தாள். சோறு போட்டாள், படிக்க வைத்தாள், காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் திட்டிக்கொண்டே செய்தாள். செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தால் எப்படித் தொலைந்தது என்று கேட்க மாட்டாள். நீ தொலைத்திருப்பாய் என்று அவளே தீர்ப்பு எழுதிவிடுவாள். அவனும் பிறவியிலேயே கொஞ்சம் பராக்குப் பார்க்கிறவன்தான். ஆனால் ஒரு தடவை அவன் செருப்பை வேறொருவன் மாட்டிக்கொண்டு போயிருந்தான். அதையும் அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

காயில் கம்பெனி மூடியதும் இந்தப் பட்டறைக்கு வந்தாள். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஆண்களின் கை போகாத இடத்தில் அவள் விரல்கள் போகும், அதைப் பார்த்துத்தான் பெரிய முதலாளி வேலை கொடுத்தார்.

பட்டறையின் பிழைப்பே ராணுவத்தை நம்பித்தான். ராணுவம் ஓட்டித் தேய்த்துக் கழித்துக்கட்டிய ஜீப்புகளையும் சிறிய லாரிகளையும் ஏலம் விடும். பெரிய முதலாளி மொத்தமாக எடுத்து வருவார். துப்பாக்கி மாட்டும் தாங்கிகளை அறுத்து, ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, பச்சை பெயிண்டைச் சுரண்டி, வீட்டு வண்டியாக மாற்றி விற்பார்கள். வாங்குகிறவர்கள் குவாரிக்காரர்கள், மலைப்பாதையில் காய்கறி மூட்டை இறக்குகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது பள்ளத்தில் மாட்டினால் ஏறி வருகிற வண்டி. அது எந்தப் போருக்குப் போய்விட்டு வந்தது என்று அவர்கள் கேட்டதே இல்லை.

ஏலத்தில் வரும் ஒவ்வொரு வண்டியிலும் ஷாக்கக்கா முதலில் பிடுங்கி எறிவது ஒரு சுவிட்சை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இரும்பு லீவர் வைத்த உருண்டையான சுவிட்ச் அது. ராணுவத்தில் அதற்கு என்ன பெயரோ, பட்டறையில் இருட்டுச் சுவிட்ச் என்பார்கள். லீவரை ஒரு பக்கம் தள்ளினால் எல்லா வண்டியையும்போல விளக்குகள் எரியும். மறுபக்கம் தள்ளினால் வண்டி இருட்டாகிவிடும். ஹெட்லைட் எரியாது, ஹாரன் அடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக்கை எத்தனை அழுத்தி மிதித்தாலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. ராத்திரியில் வரிசையாகப் போகும் ராணுவ வண்டிகளில் ஒருவன் பிரேக் மிதித்தால்கூட அந்தச் சிவப்பு எதிரியின் கண்ணில் பட்டுவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. சண்டைக்கு அது சரி. கடைத்தெருவில் நமக்கு எதிரி யார்? பின்னால் வருகிறவனுக்கு நாம் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் சுவிட்சைப் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு, பிரேக் பெடலிலிருந்து நேராகப் பின்விளக்குக்கு ஒயர் இழுத்துவிடுவாள்.

பெரிய முதலாளி கண்ணை மூடினார், சின்ன முதலாளி வந்தார். அவரோடு சேர்ந்து புதிய வாடிக்கையாளர்களும் வந்தார்கள். அங்கேதான் அவள் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

இவர்களுக்கு மலையும் இல்லை, குவாரியும் இல்லை. வீட்டிலிருந்து கிளப்புக்கும் கிளப்பிலிருந்து வீட்டுக்கும் போகிறவர்கள். ஆனால் வண்டி ராணுவ வண்டியாக இருக்க வேண்டும். சுரண்டிய பச்சையைத் திரும்ப அடி என்றார்கள். அடைத்த ஓட்டையைத் திரும்பப் போடு என்றான் ஒருவன். ஓட்டை போட்டு, அது குண்டு துளைத்த ஓட்டை என்று ஊருக்குக் காட்டுவதற்காம். பின்பக்கம் மண்வெட்டி, பக்கவாட்டில் எண்ணெய் டின், மேலே வலை, பானெட்டில் நட்சத்திரம். மண்வெட்டியை எடுத்து ஒரு செடிக்குக்கூட மண் அள்ளிப் போட்டிருக்க மாட்டார்கள். கடையில் புதிதாக வாங்கிய கார்களைக்கூட ஓட்டி வந்து ராணுவக் கோலம் போடச் சொன்னார்கள். இடித்தால் எதிராளிக்குத்தான் சேதம், நமக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்கள் சந்தோஷமாகப் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே அவள் டேப் சுற்றுவாள். எதிராளி யாரென்று எவனும் சொல்லவில்லை. ரோட்டில் போகிற நாம்தான், வேறு யார்?

சின்ன முதலாளி வாளியிலிருந்து இருட்டுச் சுவிட்சுகளைப் பொறுக்கித் துடைத்தார். ஒரிஜினல், இதற்குத்தான் மவுசு என்றார். அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். சுவிட்ச் அதன் இடத்திலேயே இருக்கட்டும், லீவர் திரும்பட்டும், ஆனால் ஒயர் கொடுக்க வேண்டாம். சும்மா பொம்மை. அவரும் சரி என்றார். இப்படியே வருஷங்கள் ஓடின. எத்தனையோ பேர் அந்தப் பொம்மையைத் திருப்பி விளையாடினார்கள், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அப்புறம் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். பெரிய பெரிய கட்டிடங்கள் கட்டுகிறவர். மூன்றாவது மாடிக்கு மேல் ஏணியில் ஏற மாட்டார், தலை சுற்றுமாம். அவர் இங்கேயே வாங்கிய தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, சுவிட்ச் வேலை செய்யவில்லை, என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று குதித்தார். சின்ன முதலாளி அவளிடம் வந்தார்.

"அக்கா, அவரு ஒருத்தருக்கு மட்டும் கனெக்‌ஷன் குடுத்துடுங்க. திருப்பினா ஏதாவது அணையணும்ல?"

"அணையும். பின்னாடி வர்றவன் அணைஞ்சு போவான்."

"அவரு எப்பவாவது ஃபிரெண்ட்ஸுக்குக் காட்டறதுக்குத்தான் திருப்பப் போறாரு."

அவள் கத்தினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். உன் அப்பா இருந்திருந்தால் இதை வாசலுக்குள் விட்டிருப்பாரா என்றாள். கையிலிருந்த கட்டிங் பிளேயரைத் தூக்கி மூலையில் எறிந்தாள். அந்தப் பக்கம் தகரம் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். சின்ன முதலாளி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு அவளை நன்றாகத் தெரியும். மழை பெய்து ஓய்கிற வரை ஓரமாக நிற்கிறவரைப்போல நின்றார். ஓய்ந்தது. அவள் மூலைக்குப் போய்ப் பிளேயரை எடுத்து வந்து, ஜீப்பின் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, ஒயரைச் சேர்த்துக் கொடுத்தாள். முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். திட்டித் தீர்த்ததிலேயே தன் கடமை முடிந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றிவிட்டது.

தம்பி இதற்குள் வளர்ந்து, கல்யாணம் ஆகி, ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரின் பின்னால் நீலநிற பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு கடை கடையாக ரொட்டி போடும் வேலை. ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளிக்கூட வளைவில் முன்னால் போன வண்டியின் பின்பக்கத்தில் போய் மோதினான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தாடை உடைந்தது.

பட்டறைக்குச் சேதி வந்தபோது, முன்னால் போன காரில் மோதிவிட்டான் என்றுதான் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷன்காரர்களுக்கு நான்கு சக்கரம் இருந்தால் எல்லாம் கார்தான். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஓடும்போது அழுதாள். வார்டு வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலில் தாடையைக் கட்டிப்போட்டுப் படுத்திருந்தவனை உயிரோடு பார்த்ததும், அத்தனை நேரம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பயம் கோபமாகப் புரண்டது. அவளுக்கு எல்லாமே அப்படித்தான் புரளும்.

"கண்ணை எங்கடா வச்சிருந்த? முன்னாடி அவ்வளவு பெரிய வண்டி நிக்குது, தெரியல?"

அவன் பற்களைத் திறக்க முடியாமல், உதட்டை மட்டும் அசைத்து, "லைட்டு... எரியல..." என்றான்.

அவள் சிரித்தே விட்டாள். பின்னால் போய் மோதுகிறவன் எவனும் இதைத்தான் சொல்வான். லைட் எரியவில்லை, சிக்னல் காட்டவில்லை, திடீரென்று நிறுத்திவிட்டான். இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. அப்படிச் சொன்னவர்களின் பேச்சை நம்பி எத்தனையோ வண்டிகளைச் சோதித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் விளக்கு ஜோராக எரிந்தது. இந்தக் கதையை என்னிடமேவா விடுகிறாய் என்றாள். தம்பி மனைவி, அவர் சொல்கிறதைக் கேளுங்கள் அண்ணி என்று மெதுவாகச் சொன்னாள். நீ வேறு அவனுக்கு வக்காலத்து வாங்காதே என்று அவளுக்கும் ஒரு குட்டு. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இன்னொரு தடவை வாயைத் திறக்கப் பார்த்தான். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. விட்டுவிட்டான்.

அப்போது பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்தார். பேஷன்ட் பேசுவாரா என்று கேட்டார். பேச முடியாது, நான் அக்கா, என்ன வேண்டும் என்றாள். வண்டி ஓட்டும்போது தூக்கம், கவனக்குறைவு, அந்த மாதிரி ஏதாவது உண்டா என்றார். அவள் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

"கவனமா? அவனுக்கா? சின்ன வயசுலேருந்தே அவன் நினைப்பு ஒரு இடத்துல நிக்காது சார்."

போலீஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவள் தினமும் பாலும் பழச்சாறும் எடுத்துக்கொண்டு போனாள், குழாய் வைத்துக் குடிக்க வைத்தாள், திட்டவும் செய்தாள். அவன் லைட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொந்த அக்காவே சாட்சி சொன்ன பிறகு வழக்கு வேகமாக நகர்ந்தது. தவறு முழுக்க ஸ்கூட்டர்காரனுடையது, லைசென்ஸ் போய்விடும், போலீஸ் எழுதியதைப் பார்த்துவிட்டு ரொட்டிக் கம்பெனியும் வேறு ஆளை வைத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு. அவன் மோதிய வண்டியை ஆய்வாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

கான்ட்ராக்டரின் ஜீப் ஒரு காலையில் பட்டறைக்கு வந்தது. பின்கதவில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். ஆய்வாளர் மதியம் இங்கேயே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். கான்ட்ராக்டருக்கு எல்லா ஆபீசிலும் வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர் இறங்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு டிங்கரிடம் கதை சொன்னார்.

"ரொட்டிக்காரன் ஒருத்தன், பள்ளிக்கூட வளைவுல வந்து சொருகிட்டான். அவன் ஸ்கூட்டர் சுக்குநூறு. நம்ம வண்டியைப் பாருங்க, ஒரு சின்ன நசுங்கல். ஆர்மி இரும்புன்னா சும்மாவா? நான் என் மச்சானுக்கு அந்தச் சுவிட்சைத் திருப்பிக் காட்டிட்டு இருந்தேன், பின்னாடி டமார்னு சத்தம். உள்ள எங்களுக்கு ஒரு குலுக்கல்கூட இல்ல."

ஷாக்கக்கா அடுத்த வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தாள். மெதுவாக வெளியே எடுத்தாள். ஜீப்பின் பின்பக்கம் போனாள். இழுவைக் கொக்கிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு நீலநிற பிளாஸ்டிக் துண்டு செருகிக்கொண்டிருந்தது. ரொட்டிக் கூடையின் துண்டு. தம்பி வீட்டு வாசலில் அந்தக் கூடைகளை அவளே எத்தனையோ தடவை கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் நிமிர்ந்தபோது சின்ன முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சைத் திருப்பினால் பிரேக் விளக்கும் சேர்ந்து போய்விடும் என்று கான்ட்ராக்டருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை ஹெட்லைட் அணைந்து எரிகிற ஒரு வேடிக்கை. தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான், அவளும் அவரும். கான்ட்ராக்டரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்துவிட்டு அவர் அவளிடம் வந்தார். அடிபட்டவன் அவள் தம்பி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கொடுத்ததே அவர்தான்.

"அக்கா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா இப்ப இதைக் கிளறினா நம்ம எல்லாருக்கும்தான் பிரச்சினை. ஆய்வாளர் வர்றதுக்குள்ள அந்த ரெண்டு ஒயரை எடுத்துடுங்க. பழையபடி பொம்மையா இருக்கட்டும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சேர்த்தது உங்க கைதானே? அதையும் யோசிச்சுக்கங்க."

அவள் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குள் ஏறி, டாஷ்போர்டுக்குக் கீழே தலையைவிட்டு மல்லாந்து படுத்தாள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வேலை நடக்கிறது என்று சின்ன முதலாளி நிம்மதியாகப் போய்விட்டார்.

கையெட்டும் உயரத்தில் அந்த இணைப்பு தெரிந்தது. கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, நுனியை மடித்துவிட்டிருந்தாள். பின்னால் வேலை செய்கிறவன் பிரிக்கச் சிரமப்படக் கூடாது என்று எப்போதும் அப்படித்தான் மடிப்பாள். எவ்வளவு சுத்தமான வேலை என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. இதைச் சேர்த்த கை அவளுடையது. லைட் எரியவில்லை என்று அவன் சொன்னபோது சிரித்த வாயும் அவளுடையதுதான். கான்ட்ராக்டர் மேல் கோபம், சின்ன முதலாளி மேல் கோபம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் யார் மேல் என்றே தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கத்தவில்லை. அவள் வாழ்க்கையில் கோபம் வந்து கத்தாமல் இருந்தது அன்றைக்குத்தான். ஒயரையும் வெட்டவில்லை.

ஆய்வாளர் வந்தார். சாப்பிட்டுவிட்டு வந்த அசதி முகத்தில் இருந்தது. சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். நசுங்கலைப் பார்த்தார். பிரேக் மிதிக்கச் சொன்னார். கான்ட்ராக்டர் ஏறி உட்கார, இவள் இறங்கி ஓரமாக நின்றாள். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"சார், அந்த லீவரை மறுபக்கம் தள்ளிட்டு மிதிக்கச் சொல்லுங்க" என்றாள்.

சின்ன முதலாளி, அது சும்மா அலங்காரத்துக்கு சார் என்றார். சும்மா என்றால் தள்ளிக் காட்டட்டும் என்றாள் அவள். ஆய்வாளருக்கு எரிச்சல். இந்த அம்மா யார் என்று கேட்டார். கேட்டாலும், கான்ட்ராக்டரிடம் தலையை ஆட்டினார். கான்ட்ராக்டர் தன் சுவிட்சைக் காட்டுவதற்கு எப்போதும் தயார்தானே, ஒரே தள்ளாகத் தள்ளி மிதித்தார். பின்விளக்கு எரியவில்லை. மிதிங்க என்றார் ஆய்வாளர். மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் கான்ட்ராக்டர். ஆய்வாளர் குனிந்து விளக்கைத் தட்டினார். அப்புறம் முன்னால் போய்ப் பெடலில் இருந்த காலைப் பார்த்தார். அசதி எங்கே போனதோ தெரியவில்லை.

யார் செய்த ஒயரிங் இது என்று கேட்டார்.

"நான்தான். எங்க முதலாளி செய்யச் சொன்னாரு, நான் செஞ்சேன். அன்னிக்கு இந்தக் கான்ட்ராக்டர் இதைத் திருப்பி வச்சுட்டுத்தான் பிரேக் போட்டிருக்காரு. காலைல அவர் வாயாலயே சொன்னாரு. பின்னாடி வந்து அடிபட்டவன் என் தம்பி."

நான் சொல்லவே இல்லை சார், இவங்களா ஆர்வத்தில் செய்துவிட்டார்கள் என்றார் சின்ன முதலாளி. அவள் டிங்கர் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷம் ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்தவர்கள். இவர் செய்யச் சொன்னதையும் கேட்டீங்க, காலையில கான்ட்ராக்டர் சொன்னதையும் கேட்டீங்க, சொல்லுங்க என்றாள். டிங்கர் சுத்தியலைப் பார்த்துக்கொண்டு, தகரம் தட்டுகிற சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்காது என்றார். அவருக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருந்தாள், அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. உங்க காதைக் கழற்றி அந்தச் சுவிட்ச் வாளியிலயே போட்டுடுங்க என்றாள்.

ஆனால் எரியாத விளக்கை யாராலும் பூசி மெழுக முடியவில்லை. கான்ட்ராக்டர் விபத்து நடந்தபோது சுவிட்சைத் தொடவே இல்லை என்று அடித்துச் சொன்னார். ஆய்வாளர் அவருக்கு வேண்டியவர்தான், இருந்தாலும் தன் கண் எதிரில் நடந்ததை இல்லையென்று எழுதத் தைரியம் இல்லாதவர். வண்டி வெளியே போகக் கூடாது என்றார். பட்டறையையும் விசாரிப்போம், உங்களையும் கூப்பிடுவோம் அம்மா என்றார். கூப்பிடுங்கள் என்றாள். சின்ன முதலாளி அவளுடைய டெஸ்டரையும் திருப்புளிகளையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டார். நாளை முதல் வர வேண்டாம் என்று வாயால் சொல்லக்கூட அவருக்குத் துப்பில்லை.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். வேலை போய்விட்டது, நாளைக்குத் தன் மேலேயே வழக்கு வரலாம். ஆனால் நடையில் ஒரு வேகம் இருந்தது. தம்பி சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டாள், இனி அவனை யாரும் குருடன் என்று சொல்ல முடியாது. வழியெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்றைக்குத்தான் தாடைக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஷாக்கக்கா பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கிண்ணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தாள். கான்ட்ராக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதைச் செய்து காட்டினாள். ஆய்வாளர் குனிந்து விளக்கைத் தட்டியதைச் சொன்னாள். சின்ன முதலாளியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். டிங்கரின் காதைத் திட்டினாள். கடைசியாக, குரல் கொஞ்சம் இறங்கி, அந்த ஒயரைச் சேர்த்தது நான்தான்டா என்றாள். சொல்லிவிட்டு அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அவனுக்குத் தாடை வலித்ததால் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான்.

"ஒயரை விடுக்கா. முதலாளி சொன்னான், நீ செஞ்ச. அது வேலை. அதுல எனக்குக் கோபம் இல்ல."

"அப்ப என் மேல கோபமே இல்லையாடா?"

"அந்த ஜீப்புக்காரனுக்கு நான் யாருன்னே தெரியாது. போலீஸ்காரனுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்ல? லைட்டு எரியலன்னு உன்கிட்டதானே சொன்னேன்."

"அதுக்குத்தான்டா இன்னிக்கு என் வேலையையே விட்டுட்டு வந்து நிக்கறேன். இன்னும் நான் என்னதான் பண்ணணும்?" அவளுக்கே தெரியாமல் குரல் ஏறிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ண வேணாம்" என்றான் தம்பி. "அன்னிக்கு, ஒரே ஒரு தடவை, அப்படியாடான்னு கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவன் மெதுவாகச் சரிந்து படுத்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது. தம்பி மனைவி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "போயிட்டு நாளைக்கு வாங்க அண்ணி" என்றாள்.